தொட்டில் ஸ்பிரிங்

"மலைக் குளிருக்கு வர்ற இருமல்லா, ஒண்ணுமில்ல" என்று சொல்லித்தான் யோகேந்திரன் தங்கை துளசியின் மகனைக் காதுகுத்துக்கு மடியில் வாங்கினான். தாய்மாமன் மடியை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கக்குவான் இருமல் பெரியவர்களுக்கும் வரும், வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு ஒட்டும் என்று தாதி சொன்னபோது பிள்ளையைப் புதைத்தாகிவிட்டது.

துளசி தொட்டில் சீலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். உத்தரத்தில் ஸ்பிரிங்கும் கொக்கியும் மட்டும் தொங்கின.

நேற்று தேயிலைக் காட்டிலிருந்து வந்து தேநீர் குடிக்கையில் அவனுக்குப் புரையேறியது. இருமினான். ஸ்பிரிங் கனம் தாங்கியதுபோல் கீழே இறங்கியது. மறுபடி இருமினான். மறுபடி இறங்கியது.

அடுப்படியிலிருந்து துளசி திரும்பாமலே சொன்னாள்: "அண்ணே, முழிச்சிட்டான் பாரு. கொஞ்சம் ஆட்டி விடு."

இந்த முறை யோகேந்திரன் துண்டால் வாயை இறுகப் பொத்திக்கொண்டான். எட்ட நின்று, கையை மட்டும் நீட்டி, வெறும் கொக்கியை ஆட்டிவிட்டான்.