வாயில என்ன கொழுக்கட்டையா?

"இதே போதும் தம்பி. அந்தப் புதுசு வேணாம்" என்றாள் தாமரைச்செல்வி.

நசீமுக்குச் சுருக்கென்றது. காரைக்காலில் சொந்தமாக சாஃப்ட்வேர் கடை போட்டபின் அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. திருவேட்டக்குடி ஐஸ் கம்பெனிக்கு பில் போடும் புரோகிராம். பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனதால் எல்லாமே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

"ரெண்டு மாதிரியா செஞ்சு கொண்டா. பில் போடுறது தாமரைதான். அது எதைக் கை காட்டுதோ, அதான்" என்று சொல்லியிருந்தார் முதலாளி கோவிந்தராசு.

திரையில் தெரியும் பட்டன், கட்டம் எல்லாவற்றையும் ரெடிமேடாகத் தருவது ஃபிரேம்வொர்க். நசீம் ஒரு மாதிரியை விண்டோஸோடு ஒட்டிய பழைய ஃபிரேம்வொர்க்கில் செய்திருந்தான். சாம்பல் நிறம், சப்பென்ற பட்டன்கள். அது ஒப்புக்கு. உயிரைக் கொடுத்துச் செய்தது மற்றதை. புத்தம்புது ஃபிரேம்வொர்க். ஒவ்வொரு பட்டனையும் தானே வரைந்துகொள்ளும். கடல் நீலத்தில் திரை, பில் போட்டால் ஓர் அலை வேறு வந்து போகும்.

அதைத்தான் இந்த அக்கா நேராகக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்கிறாள். ஒரு காதில் இயர்போன். வேலை நேரத்தில் பாட்டு.

ஜன்னலுக்கு வெளியே முதலாளி கத்தினார். "யோவ், வாயில என்ன கொழுக்கட்டையா? எழுதுன சீட்டை நீட்டாதேன்னு எத்தனை தடவ சொல்றது? படகு பேரு, எத்தனை ஐஸ் கட்டி, சத்தமா சொல்லு."

"கடல்ராசா, இருவது கட்டி" என்றார் படகுக்காரர், வாத்தியாரிடம் மாட்டிய பிள்ளை மாதிரி.

முதலாளிக்கு நாள் முழுக்க இந்தக் கூச்சல்தான். வாயில் எப்போதும் பனங்கற்கண்டு. கற்கண்டு போட்டும் வாய் இனிக்கவில்லையே என்று நசீம் நினைத்துக்கொண்டான்.

"அக்கா, பாட்டை நிறுத்திட்டு ஒரு தடவ ஒழுங்கா பாருங்களேன்."

"வேணாம் தம்பி."

"காரணம் சொல்லுங்க. இல்லன்னா முதலாளிகிட்டயே கேட்டுக்கறேன்." எழுந்துவிட்டான்.

தாமரைச்செல்வியின் முகம் வெளுத்தது. "உக்காருங்க தம்பி" என்று காதிலிருந்ததைக் கழற்றி நீட்டினாள்.

பாட்டு இல்லை. சாம்பல் நிற மாதிரியில் அவள் விரல் கட்டம் கட்டமாகத் தாவ, ஒரு குரல் படித்தது. "படகு பெயர், எழுதும் இடம். கட்டி எத்தனை, எழுதும் இடம். பில் போடு, பட்டன்."

நசீம் தன் நீலத் திரையைத் திறந்தான். குரல் புரோகிராமின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடங்கியது. எல்லாவற்றையும் தானே வரைந்துகொண்டதில் அது வெறும் படமாகிப் போயிருந்தது. அந்தக் குரல் படிக்க அதில் ஒன்றுமே இல்லை.

"ரெண்டு வருசமா நேரா பாக்குறது மங்கிட்டே வருது தம்பி. ஓரமா ஆள் நடமாட்டம் தெரியும், அதனால யாருக்கும் சந்தேகம் வரல. எழுத்துதான் தெரியல. வைத்தியம் இல்லன்னுட்டாங்க. முதலாளிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாரு. இந்தச் சம்பளத்துலதான் குடும்பம் ஓடுது."

"அப்ப சீட்டை எப்படிப் படிக்கிறீங்க?"

"எங்க படிக்கிறேன்? அவரு வாய்க்குப் பயந்து எல்லாரும் சத்தமா சொல்லிடறாங்க. அந்த வாய்க்கு நான் தெனமும் மனசுக்குள்ள நன்றி சொல்லிக்கிறேன்." சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. "அவருகிட்ட சொல்லிடாதீங்க தம்பி."

"அல்லா மேல ஆணையா சொல்ல மாட்டேங்க்கா."

நசீமுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. நேராக முதலாளியிடம் போனான்.

"அந்தப் புதுசு இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒத்துவரல முதலாளி. சாதாரண மாதிரியே போட்டுடறேன்."

கோவிந்தராசு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி. அது தாமரை காதுல நல்லாப் படிச்சுக் காட்டுதா?"

நசீம் சட்டென்று ஜன்னல் வழியே தாமரைச்செல்வியைப் பார்த்தான்.

"பின்ன எதுக்கு ரெண்டு மாதிரி கேட்டேன்னு நெனச்சே?"

"அக்கா பயந்துக்கிட்டே இருக்காங்க முதலாளி. தெரியும்னு நீங்களே சொல்லிடலாமே?"

"ஒரு தடவ சொல்ல வாயெடுத்தேன். 'கண்ணுக்கு ஒண்ணுமில்லையே'ன்னு அது முந்திக்கிச்சு. அதுவா சொல்ற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான். உன் புரோகிராம் ஒழுங்கா ஓடட்டும், பயம் தானாப் போயிடும்."

"ரொம்ப நன்றி முதலாளி" என்றான் நசீம். யாருக்காகச் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அதற்குள் ஒருவர் சீட்டை நீட்டியபடி வந்தார்.

"யோவ், வாயில என்ன கொழுக்கட்டையா?"

படகின் பெயரும் கட்டியும் ஊருக்கே கேட்டன. கோவிந்தராசு இருமிவிட்டு இன்னொரு பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும் தம்பி. உங்க கடைத்தெருவுல தொண்டைக்கு நல்ல மருந்தா பாத்து வாங்கியா. ரெண்டு வருசமா கத்துறேன், தாங்கல."