எண்ணெய் ஊசி

மருந்துப் புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் மருந்து. கரு தங்குவதற்காகத் தினமும் இடுப்பில் போட வேண்டியது. கைச்சூட்டில் கொஞ்சம் இளகினால்தான் ஊசியின் மயிரிழைத் துளைக்குள் மல்லுக்கட்டாமல் இறங்கும்.

இதெல்லாம் அந்தக் கம்பவுண்டருக்கு எங்கே தெரியப்போகிறது?

நேற்றுவரை அவர்தான் வீட்டுக்கு வந்து போட்டார். வழுக்கைத் தலை, தொப்பை, என் மாமனார் வயது. பொறாமைப்பட அந்த மனிதரிடம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பட்டேன். வயிறெரியப் பட்டேன்.

காரணம், கதவுக்கு வெளியே நிற்கும் என் காதில் விழும் அவள் குரல்.

"ஐயோ அண்ணா, உயிர் போகுது! கொஞ்சம் மெதுவா போடக் கூடாதா?"

அவரைத் திட்டுவாள். அழுவாள். அவர் ஏதோ சொல்ல, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பாள். நான் உள்ளே போவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கேட்டால், ஒன்றுமில்லை என்பாள்.

முதல் ஊசியன்று என்னிடமும் வலிக்கிறது என்றுதான் சொன்னாள். அவள் கண்ணீரைப் பார்க்க முடியாமல், போதும், நமக்குப் பிள்ளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றோடு என்னிடம் வலி என்ற பேச்சே இல்லை. எல்லாம் அந்த வழுக்கைக்குத்தான்.

கட்டிய புருஷனுக்குக் கிடைக்காத அழுகை, பையைத் தூக்கிக்கொண்டு வந்துபோகிறவருக்குக் கிடைக்கிறது.

பொறுக்க முடியாமல் டாக்டரிடம் போய், இனி நானே போடுகிறேன் என்று நின்றேன். சிரித்தார். ஆனால் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

லாரியைத் தூக்கும் ஜாக்கிகளைப் பழுதுபார்ப்பவன் நான். எண்ணெயும் அழுத்தமும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. துளை பாதியாகக் குறுகினால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதற்காகப் பொறுமையிழந்து கட்டைவிரலை அழுத்தினால், சதை வாங்கிக்கொள்வதற்குள் எண்ணெய் உள்ளே போய் முட்டும். வலி அங்கேதான். கம்பவுண்டர் கடகடவென்று அழுத்துகிற ஆள்.

நான் நிதானமாக இறக்குவேன். அப்படியும் வலிக்கும், வலிக்காமல் இருக்காது. அதை அவள் என்னிடம் சொல்ல வேண்டும். என்னைத் திட்ட வேண்டும். இந்தமுறை பயந்து பின்வாங்க மாட்டேன் என்று அவளிடம் வாயால் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மருந்தை ஏற்றினேன். காற்றுக் குமிழியை வெளியேற்றி, ஊசிக்கு மூடி போட்டுத் தட்டில் வைத்தேன். இடுப்பில் இடம் பார்த்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்தேன்.

அவள் தலையணை உறையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். சற்றுக் கழித்து அதை விட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடியே, சந்தோஷமான குரலில் கேட்டாள்.

"வலிக்கவே இல்லைங்க. முடிஞ்சுதா?"

ஊசி தட்டில் இருந்தது. மூடியை நான் இன்னும் கழற்றவில்லை.