உங்க வீட்டு ஆளுக்கு மாட்டுவீங்களா?

கிழவரின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லிவைத்த மாதிரி ஒரே சீர். கட்டிலுக்குப் பக்கத்தில், கைப்பெட்டி அளவே இருந்த வென்டிலேட்டர் அவர் கழுத்துக் குழாய் வழியாக மூச்சை ஊதிக்கொண்டிருந்தது.

வீட்டு மாடியறை வாசலில் முகமூடியோடு நின்ற கொள்முதல் அதிகாரியம்மாவுக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. இருபது அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எந்தக் கருவி வாங்குவது என்பது அவள் கையெழுத்தில் இருந்தது. அவள் டாக்டர் இல்லை. டெண்டரும் கோப்புமாகவே தலை நரைத்தவள்.

"கிட்ட மட்டும் போகாதீங்க மேடம். அப்பாவுக்கு இன்ஃபெக்‌ஷன் ஆகிடக் கூடாது" என்றார் முதலாளி. அந்த மெஷினைச் செய்தவர் அவர்தான். வீட்டை விற்று ஆரம்பித்த கம்பெனி. இன்று ஆர்டர் கிடைக்காவிட்டால் நாளைக்குக் கதவைச் சாத்த வேண்டியதுதான். தூக்கமில்லாமல் கண்ணிரண்டும் சிவந்து கிடந்தன.

அதிகாரியம்மாவுக்கும் இதில் ஒரு பிடிவாதம் இருந்தது. அவள் பொறுப்பிலிருந்த எட்டு வெளிநாட்டு மெஷின்கள் சுண்டுவிரல் அளவு வால்வு வராமல் மூலையில் நின்றன. நர்சுகள் அவற்றின் மேல் கையுறை காயப்போட்டார்கள். நம் நாட்டு மெஷினையே வாங்கலாம் என்று அவள் கூட்டத்தில் வாயெடுத்தால் போதும். "நம்ம ஆளு பண்ற இஸ்திரிப் பெட்டியே சட்டையைப் பொசுக்குது. இதுல மூச்சு மெஷினாம்!" என்று மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

அதனால்தான் மூன்று மாதம் முன்பு முதலாளியிடம் முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தாள். "உங்க வீட்டு ஆளுக்கு இதை மாட்டுவீங்களா?"

அன்று சாயங்காலமே அவர் அப்பாவிடமிருந்த வெளிநாட்டு மெஷினைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டிவிட்டார்.

"தொண்ணூத்தி நாலு நாள் மேடம். ஒரு தும்மல் கூடப் போடல" என்றார் இப்போது.

அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து மெஷினை உற்றுப் பார்த்தாள். "ஓடினது நாலு மணி நேரம்னு காட்டுதே?"

"இது புதுசு மேடம். உங்களுக்கு அனுப்பப்போற அதே மாடல். நீங்க வர்றீங்கன்னு காலையிலதான் மாத்தினேன்."

நியாயமான பதில்தான். அவள் சுவரைக் காட்டினாள். "அந்த நாடித்துடிப்பு டிவி ஏன் அணைஞ்சிருக்கு?"

"அது வெளிநாட்டுச் சாமானாச்சே! ஒரு வயர் போச்சு. ஒரு மாசமா கப்பல்ல வந்துக்கிட்டே இருக்கு."

"அப்ப நீந்தித்தான் வருது போல" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

கட்டிலின் தலைமாட்டில் முதலாளியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கைத்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் கிழவரின் போர்வையை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு என்ன?"

"இருமல், மேடம்."

"ஐயாவை நல்லாப் பாத்துக்கிறீங்கம்மா" என்றாள் அதிகாரியம்மா. அந்த அம்மாளின் தோள் ஒருதரம் குலுங்கியது. மகனின் வெற்றியைக் கண்டு பூரிக்கிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

வாசலருகே இருந்த மருந்து அலமாரியின் மேல் தாளை வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டாள். முந்நூறு மெஷின்கள். போட்ட கையோடு போனில் படமெடுத்து அலுவலகத்துக்கும் அனுப்பினாள். சிரித்தவர்கள் முதலில் பார்க்கட்டும். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டீங்க" என்றாள்.

முதலாளி கைகூப்பினார்.

மாடிப்படியில் பாதி இறங்கியபோது போன் அடித்தது. அலுவலகம். "மேடம், படம் வந்துடுச்சு. முதல் நூறு மெஷினைக் குழந்தைங்க வார்டுக்கு ஒதுக்கியாச்சு." அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த படி மங்கலாகத் தெரிந்தபோதுதான், கண்ணாடியை அலமாரி மேலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது.

திரும்பி ஏறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. தட்டக் கையைத் தூக்கினாள். உள்ளே மெஷின் அதே சீரில் மூச்சு ஊதிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் குரலை அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

"அவங்க போயிட்டாங்கல்லப்பா? விடியக்காலம் உன் மெஷின் நின்னதுலேருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்... இப்பவாச்சும் அழட்டுமா?"