கன்றுக்குட்டியின் நடை

ஜன்னல் வெயில் கணினித் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. மகள் இடது காலைச் சற்று இழுத்து நடந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறாள். இலவச அனிமேஷன் மென்பொருளில், முந்தைய படத்தின் மங்கிய கோட்டின்மேல் அடுத்ததை வரைந்து வரைந்து அம்மா உருவாக்கிய கன்றுக்குட்டி முதல்முறையாக நடக்கிறது. அதுவும் ஒரு காலை இழுக்கிறது. வரைந்தபோது அம்மாவுக்கு இது தெரியவில்லை. கண்ணுக்குப் பழகிய நடை கையில் தானாக வந்துவிட்டிருக்கிறது. மகளின் வகுப்பே பார்க்கப்போகும் படம். அம்மாவின் முகம் சூடாகிறது. "கை தவறிடுச்சுடி தங்கம், இப்பவே அழிச்சிடறேன்." மகள் திரையருகே குனிகிறாள். "இரும்மா, இன்னொரு தடவை ஓட்டு." கன்று மறுபடியும் வேலியோரம் போகிறது. மகள் அது இழுக்கும் காலைத் தொட்டுக் காட்டுகிறாள். "காலை மாத்திட்டியேம்மா. எனக்கு இடது கால். பெத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?" அம்மா கன்றின் வலது காலை நேராக்கிவிட்டு, இடது காலை இழுப்பதுபோல் வரைய ஆரம்பிக்கிறாள்.