இடத்துக்கு ஒரு சண்டை

“டிஷ்யூவைப் போட்டா சீட்டு உங்களுதாயிடுமா?”

அழகர்சாமி கேட்ட கேள்வியில் தேக்கா உணவுக் கடைகளில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தோசைத் தட்டோடு எதிரே நின்ற அம்மாள் அசரவில்லை. “இங்க அப்படித்தான் அங்கிள். டிஷ்யூ பாக்கெட் வச்சா சோப் பண்ணியாச்சுன்னு அர்த்தம், இடம் பிடிச்சாச்சு. எழுந்திரிங்க லா!”

அவள் வந்து காட்டிய பிறகுதான் மேசை நடுவில் இருந்த பாக்கெட்டையே அவர் கவனித்திருந்தார். உடம்பில் ஒரு துள்ளல் வந்தது.

மதுரையில் ரிட்டயராகும் வரை அவர் பஸ் கண்டக்டர். ஆரப்பாளையத்தில் வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும், குடை விழும், கூடை விழும். ஒருமுறை கைக்குழந்தையே வந்து சீட்டில் உட்கார்ந்தது. எந்த இடத்தகராறுக்கும் கடைசித் தீர்ப்பு அழகர்சாமியுடையது.

கடல் தாண்டி ஈசூனில் மகள் வீட்டுக்கு வந்தபின் அவருக்கு இட்லி கிடைத்தது, தமிழ்ச் செய்தி கிடைத்தது, மல்லிகைப்பூகூடக் கிடைத்தது. சண்டை மட்டும் கிடைக்கவில்லை.

ரயிலில் இடித்தவனும் ‘சாரி’ என்கிறான், இடிபட்டவனும் ‘சாரி’ என்கிறான். மனுஷன் யாரோடு போய் மல்லுக்கட்டுவது?

பொறுக்க முடியாமல் இன்று காலை சொல்லிவிட்டார். “மதி, ஊருக்கு டிக்கெட் போட்டுடும்மா. இங்க பொழுதே போகல.”

இளமதிக்கு அடுத்த மாதம் பிரசவம். அம்மா இல்லாத பெண். அப்பாவாவது பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் வரவழைத்திருந்தாள்.

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வந்து போடலாம் என்று சொல்லி, போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அழகர்சாமிக்குச் சங்கடமாகிவிட்டது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்த டிஷ்யூ பாக்கெட்டின் ஓரத்தை நகத்தால் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டிக்கெட் கொடுத்து வந்த பழக்கம். கையில் எது அகப்பட்டாலும் மூலையைக் கிள்ளாமல் விடமாட்டார்.

இங்கே வந்ததும் இளமதிதான் முன்னால் போய் இந்த மேசையைப் பார்த்து, அவரைக் கைகாட்டி அழைத்து உட்காரவைத்துவிட்டு, இந்த ஊர் டீயான தே வாங்கப் போனாள். அவள் தலை மறைந்த மறுநிமிஷம் இந்த அம்மாள் வந்து நின்றுவிட்டாள்.

“பொறந்து வளந்தது இந்த ஊரு. எனக்கே ரூல் சொல்றீங்களா?”

“எந்த ஊரா இருந்தா என்னம்மா, ஆளு உட்கார்ந்தாத்தான் சீட்டு!”

பாக்கெட்டை அவள் அவர் பக்கம் தள்ளினாள். அவர் அவள் பக்கம் தள்ளினார். தோசை ஆறியது, குரல் ஏறியது. பக்கத்து மேசைச் சீனப் பெரியவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கடைசியில் அழகர்சாமி பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “நாலு சீட்டு இருக்குல்ல? அட்ஜஸ்ட் பண்ணி உட்காரும்மா.”

அதைச் சொல்லி எத்தனை நாளாயிற்று! நெஞ்சு நிறைந்துவிட்டது.

இளமதி மூச்சு வாங்கியபடி தட்டோடு வந்தாள். “என்னப்பா சத்தம்?”

“ஒண்ணுமில்ல. அந்த டிக்கெட் இப்ப வேணாம்மா. பிள்ளை பிறக்கட்டும், பார்த்துக்கலாம்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு தட்டை வைத்தாள்.

தட்டில் மூன்று தே இருந்தது.

அந்த அம்மாள் யாரும் சொல்லாமலே ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

அழகர்சாமி மிச்சமிருந்த இரண்டையும் பார்த்தார். பிறகு கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார். காலையில் வீட்டில் அவர் கிள்ளிய அதே ஓரம்.

பாக்கெட்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, மகளைப் பார்த்து மிரட்டலாகச் சொன்னார்.

“அடுத்த ஞாயிறு இந்தம்மாவை மறுபடி வரச் சொல்லு. நான் முன்னாடியே வந்து இடம் போட்டுடுறேன்.”