பின் சீட்டு விதி

ஏரிக்கரையில் வண்டிகள் நின்றதும் பிரஸ்காரர் செய்த முதல் காரியம், மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கேப்டன் மனைவிக்கு எட்டாத தூரத்தில் ஒரு மரத்தடியில் உட்காரவைத்ததுதான்.

மோட்டார் சைக்கிள் கிளப்பின் மாதாந்திர ரைடு. பதினான்கு வண்டி, இருபது பேர். அத்தனை பேரில் அவர் பயந்தது அந்த ஒரு வாய்க்குத்தான்.

கேப்டனின் மனைவிதான் கிளப்புக்குச் செயலாளர். யார் வீட்டில் என்ன சண்டை என்பது முதற்கொண்டு அந்த அம்மாளுக்குத் தெரியும். தெரிந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது.

பிரஸ்காரருக்கோ ஒன்பது வருஷமாக வீட்டில் கட்டிக் காத்துவரும் ஒரு பொய் இருந்தது.

கிளப்பில் சேர்ந்த புதிதில் மனைவி கேட்டாள், ஒரே ஒரு தடவை. "நானும் பின்னாடி உக்காந்து வரட்டுமா?"

கிளப் ரூல் என்று சொல்லிவிட்டார். பின் சீட்டில் யாரையும் ஏற்றக் கூடாது, மீறினால் கிளப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அந்தப் பொய்க்குக் கையும் காலும் முளைக்கவைத்தார்.

அப்படி ஒரு விதியே கிடையாது. கேப்டனே பாதி நாள் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டுதான் வருவார்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆறு நாளும் அச்சகத்தில் மெஷின் சத்தத்தில் காது அடைத்துப்போகிற மனுஷன், மாதத்தில் ஒரு ஞாயிறாவது தனியாக இருக்க ஆசைப்பட்டார். ஒரு இரைச்சலிலிருந்து தப்பிக்க இன்னொரு இரைச்சலின் மேல் ஏறி உட்கார்ந்து போவதை என்னவென்று சொல்ல! ஆனால் அவருக்கு அது பிடித்திருந்தது.

அவளுக்கும் ஆறு நாள் வேலைதான். சீருடை தைக்கிற கம்பெனியில் பொத்தான் துளை போடும் காஜா மெஷின், ஜன்னல் இல்லாத கூடம். அவளுக்கும் ஒரு ஞாயிறு வேண்டியிருக்கும் என்பது இந்த மூளைக்கு எட்டவே இல்லை.

அவள் மறுபடி கேட்கவில்லை. ரைடு போகிற அன்று காலையில் அவருடைய ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்து வைப்பாள். பார்த்துப் போயிட்டு வாங்க என்பாள். எதையும் தோண்டித் துருவாத மனைவி வாய்த்ததே என்று அவரும் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

போன மாதம் கண் டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். அவளுக்கு இரண்டு கண்ணிலும் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. போனது போனதுதான், திரும்பாது. மிச்சம் இருப்பது நேர் எதிரே தெரிகிற ஒரு சின்ன வட்டம். சொட்டு மருந்து விட்டு அதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். உறுதி எதுவும் சொல்லவில்லை.

பிரஸ்காரர் இரண்டு நாள் அச்சகத்துக்கே போகவில்லை. மூன்றாம் நாள், கிளப்பில் ரூலை எடுத்துவிட்டார்கள், இனிமேல் நீயும் வரலாம் என்றார்.

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்றாள்.

இன்று காலை பெட்ரோல் பங்கில் இன்னும் நாலைந்து பெண்கள் பின் சீட்டில் இருந்தார்கள். பார்த்தாயா, ரூலை எடுத்ததும் ஆளாளுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு போடு போட்டார். அவள் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. பின் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குக் காட்சியெல்லாம் பக்கவாட்டில்தான். நேரே பார்த்தால் ஓட்டுகிறவன் முதுகு.

வயலைப் பார்க்க அவள் கழுத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பினாள். பிறகு வலப்பக்கம். ஒவ்வொரு தடவையும் அவள் ஹெல்மெட் இவர் ஹெல்மெட்டில் டக்கென்று இடித்தது. வழி நெடுக இடித்துக்கொண்டே வந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து வந்திருந்தாலே அத்தனையும் தெரிந்திருக்கும். படுபாவி, படுபாவி என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே தன்னைத் திட்டிக்கொண்டு ஓட்டினார்.

இனி அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஆசைதான். அந்தப் பொய் அவளுக்குத் தெரியாமலே போய்விட வேண்டும். இருக்கிற கொஞ்சநஞ்சப் பார்வையில் அவள் தன்னை ஒரு பொய்யனாகப் பார்த்துவிடக் கூடாது.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து தண்ணீர்ப் பக்கமாக நடந்தாள். பின்னாலேயே போகத் திரும்பியவரைக் கேப்டன் மனைவி வழிமறித்தார்.

"என்ன பிரஸ்காரரே, காலையிலேருந்து என்னைக் கண்டா ஓடுறீங்க? பயப்படாதீங்க, அந்த ரூல் விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லல."

அவர் தண்ணீர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்து கிளப்பில் யாரும் கேட்டதில்லை.

"நீங்க சேர்ந்த புதுசுலயே உங்க வீட்டம்மா எனக்கு போன் பண்ணாங்க. பின் சீட்டு ரூலை ஒரு தடவை மட்டும் தளர்த்த முடியுமான்னு கேட்டாங்க. அப்படி ஒரு ரூலே இல்லையேம்மான்னேன். அப்படியான்னாங்க. அப்புறம், 'நான் கேட்டதா அவர்கிட்ட சொல்லிடாதீங்க, சங்கடப்படுவாரு'ன்னு வச்சிட்டாங்க."

தண்ணீர் ஓரத்தில் அவள் தலையை மெல்ல மெல்லத் திருப்பி, ஏரியைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். பக்கத்தில் நின்றால் அவளுக்குத் தெரியாது என்பது நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு அடி எடுத்து வைத்தால் அவள் முகத்துக்கு நேரே வந்துவிடலாம். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.