ஒரே மேசையில் இரண்டு லாட்

பிரிசில்லா சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சிடியை எடுத்தாள். ஆபீஸ் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அதைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளப் போனாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிவராஜ் ஒரே எட்டில் வந்து பிடுங்கிக்கொண்டான்.

“மாட்டுனீங்களா அம்மணி. இதுக்குத்தான் தினமும் எனக்கு முன்னால வந்து உக்கார்றதா?”

“குடுத்துருங்கண்ணா. இன்னிக்கு லோடு போகோணும்.”

“லோடு போகக் கூடாதுன்னுதானே இந்த வேலை பண்றீங்க.”

அந்த பனியன் கம்பெனியில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். காலையில் சிவராஜ் அதில் பெட்டிகளுக்கான லேபிள் அடிப்பான். மதியத்துக்கு மேல் பிரிசில்லா சம்பளக் கணக்குப் போடுவாள். இரண்டு புரோகிராமும் ஜாவா என்ற மொழியில் எழுதியவை. ஜாவா உள்ளே இருந்தால்தான் இரண்டும் ஓடும்.

சம்பளப் புரோகிராமுக்காகப் புது ஜாவா வந்து இறங்கிய நாளிலிருந்து இருவருக்கும் ஆகாது. அந்த வாரமே அவள் ஏதோ சொல்ல வந்தாள். “உங்க சம்பளக் கணக்கை மட்டும் பாருங்க, எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்” என்று விரட்டிவிட்டான். அப்புறம் அவள் அவனிடம் வாயே திறக்கவில்லை.

பிடுங்கிய மிதப்போடு சிவராஜ் உட்கார்ந்து லேபிள் புரோகிராமைத் தட்டினான். திறக்கவில்லை. ஓடாது என்று சொல்லும் ஒரு கட்டம் மட்டும் வந்து நின்றது.

“அதுக்குள்ள கெடுத்து வெச்சாச்சா? வாங்க, மொதலாளிகிட்டப் பேசிக்கலாம்.”

முதலாளி கிட்டுசாமி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நின்றது. லேபிள் ஒட்டாத பெட்டியை அதில் ஏற்ற முடியாது.

“மறுபடியும் லேபிள் நின்னா உன்ன உன்ற ஊரு கணியூருக்கே அனுப்பிருவேன்னு போன தடவையே சொன்னேன். மறந்து போச்சா?”

“எம்மேல தப்பில்லீங்க. பழைய ஜாவா ஒண்ணை இந்தச் சிடில கொண்டாந்து இவங்க திருட்டுத்தனமா உள்ள போட்டுடறாங்க. சாயந்திரம் மிஷினைப் பூட்டறப்ப நான் எடுத்து எறியறேன். மறுநாள் பாத்தா மறுபடியும் உள்ள உக்காந்திருக்குது.”

“இருந்தா என்ன?”

கம்ப்யூட்டருக்கு வரும் முன் துணி ஸ்டோரில் இருந்தவன் சிவராஜ். “ரெண்டு லாட் துணிய ஒரே மேசைல விரிப்பமாங்க? ஒரே கலர்னு பேருதான். சாயம் போட்ட நாள் மாறுனா சாயலும் மாறிப்போகுது. கலந்து வெட்டுனா கை ஒரு கலரு, உடம்பு ஒரு கலரு. பழசும் புதுசும் ஒண்ணாக் கெடந்தா மிஷின் மண்டை கொழம்பாதுங்களா?”

சாயப்பட்டறைத் துணியை லாட் லாட்டாகப் பிரித்துப் பிரித்தே ஆளானவர் கிட்டுசாமி. இது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. தலையை ஆட்டினார்.

“இன்னொண்ணுங்க. இதுக்கு முன்னாடி லேபிள் நின்னது எப்போ? புனித வெள்ளி அன்னிக்கு. அப்புறம் இவங்க கொழந்தைக்குக் காச்சல்னு போன அன்னிக்கு. ரெண்டு நாளும் இவங்க லீவு. கெடுத்து வெச்சுட்டு ஊட்டுல போய் உக்காந்துக்கறது. எத்தனை வெவரம் பாருங்க.”

பிரிசில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயா, அப்பிடி இல்லீங்க. நெசமா நடந்தது என்னன்னா…”

கிட்டுசாமி மேசையில் ஓங்கித் தட்டினார். “யாரு தப்புன்னு இப்பத் தெரிஞ்சாகோணும். சிவராஜ், உன்ற கைங்கரியம்னு தெரிஞ்சுதுன்னா, சோத்துப் போசியத் தூக்கிட்டு இப்பவே கெளம்பிரு. இந்தப் புள்ளையா இருந்தா, அந்தக் கொழந்தை மூஞ்சிக்காக அவிநாசிபாளையம் குடோனுக்கு மாத்தி உடறேன். இப்பச் சொல்லு கண்ணு.”

அவள் சிவராஜைப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தான்.

“தினமும் நாந்தானுங்க போட்டேன்” என்றாள்.

“கேட்டுக்குங்க” என்றான் சிவராஜ்.

“குடோன்ல கம்ப்யூட்டர் கெடையாது. பெட்டிய அடுக்கிட்டு இரு, போ” என்றார் கிட்டுசாமி. பிறகு அவன் பக்கம் திரும்பினார். “இனி உனக்குச் சாக்குக் கெடையாது. போய் லேபிளைக் கொண்டா.”

சிவராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆபீசுக்கு வந்தான். சிடியை மேசைமேல் விட்டெறிந்தான். கம்ப்யூட்டருக்குள் பார்த்தான், புது ஜாவா மட்டும்தான் இருந்தது. மிஷினை அணைத்துத் திரும்பப் போட்டு லேபிள் புரோகிராமைத் தட்டினான்.

அதே கட்டம் வந்து நின்றது. மறுபடி தட்டினான். மறுபடியும் அதே கட்டம். வாசலில் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். கிட்டுசாமியின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது.

சாப்பாட்டுப் பையை எடுக்க வந்த பிரிசில்லா அவனருகே நின்றாள்.

“இன்னும் என்ன கெடுக்க வந்தீங்க?” என்று சீறினான் அவன்.

அவள் சிடியை அவன் கைப்பக்கம் நகர்த்தினாள். வராந்தாவைப் பார்த்துக்கொண்டே, முதலாளி காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அந்தப் பழசுலதானுங்கண்ணா உங்க லேபிளே ஓடுது.”